பலகை அக்காவின் பாதித் தம்ளர்

பலகை அக்காவுக்கும் அவருடைய கணவருக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் கிடக்கிறது. பகல் முழுவதும் கணவர் அதன் ஒரு முனையில் உட்கார்ந்து சேற்றைத் தள்ளுவார்; மனைவி மறுமுனையில் நின்று அதை வாங்கிக்கொள்வார். அநேகக் குடும்பங்களில் நடப்பதும் இதுதான். இவர்கள் விஷயத்தில் மட்டும் அதற்கு உரிமம், பதிவேடு, வாராந்தர ஆய்வு எல்லாம் உண்டு.

கணவருக்குத் தூர்வாரும் கப்பலில் வேலை. ஆற்றில் சரக்குக் கப்பல்கள் வந்துபோகிற வழி வருடா வருடம் தூர்ந்துபோகும். அடி மண்ணைத் தோண்டி, தண்ணீரோடு கலக்கிக் கஞ்சிப் பதமாக்கி, பம்பு வைத்துக் குழாயில் அடித்துவிடுவார்கள். அந்தப் பம்பை ஓட்டுகிறவர் அவர். குழாய் போய் முடிகிற இடம், சுற்றிலும் கரை எடுத்த ஒரு பெரிய களம். மண்களம் என்று பெயர். அங்கே மண் அடியில் தங்கும், தண்ணீர் மேலே நிற்கும். மண்ணைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அது எங்கேயும் போகாது. தண்ணீர்தான் போயாக வேண்டும். அதைப் போகத் தகுந்ததாக ஆக்கி அனுப்புவது அக்காவின் வேலை.

களத்தின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் பெட்டி. அதற்கு மூன்று பக்கம்தான் சுவர். நாலாவது பக்கத்தில் மரப்பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியவை. மேல் பலகையை உருவினால் களத்தின் மேல்தண்ணீர் வழியும். மறுபடி போட்டால் நிற்கும். வழிகிற தண்ணீரில் ஒரு தொட்டியிலிருந்து படிகாரக் கரைசல் சொட்டும். படிகாரம் பட்டதும் மிச்சமிருக்கும் கலங்கல் திரிதிரியாகத் திரண்டு அடுத்த குளத்தில் படிந்துவிடும். தெளிந்தது கடைசி மதகு வழியாக வாய்க்காலில் இறங்கி, நானூறு மீட்டர் ஓடி, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழியில் சேரும். எந்தப் பலகையை எப்போது எடுப்பது, எத்தனை படிகாரம் விடுவது என்பதெல்லாம் அக்காவின் தீர்மானம். அவருடைய பதவியின் முழுப்பெயர் ‘வடிநீர்ச் சுத்திகரிப்பு இயக்குநர், இரண்டாம் நிலை.’ இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பலகைத் தண்ணீர் போய்விடும் என்பதால் எல்லோரும் பலகை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

நாற்பத்தேழு வயது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் பலகை தூக்குகிற கொக்கி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் அலுவலகம். அதற்குள் படிகார அளவைச் சோதித்துப் பார்க்க ஆறு கண்ணாடி ஜாடிகள், கலங்கலை எண்ணிச் சொல்கிற மீட்டர், ஒரு வாக்கி டாக்கி, சுவரில் ஒரு கேடயம். பழகிய கண் சும்மா இருக்காது. வீட்டில் காபி கொடுத்தால் குடிக்கமாட்டார். ஆறுகிற வரை வைத்திருந்து, அடியில் எத்தனை படிகிறது என்று பார்ப்பார்.

வீட்டில் கணவர் அவரை ‘ஏய்’, ‘இந்தா’, ‘காது கேக்குதா’ என்ற மூன்று பெயர்களால் அழைப்பார். வாக்கி டாக்கியில் மட்டும், “நிலையம், சொல்லுங்க” என்பார். கேப்டனோடு சேர்த்துப் பதினொரு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அக்காவுக்குக் கிடைத்த மரியாதை மொத்தமும் பேட்டரியில் ஓடுவது.

அந்தக் கேடயத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். உரிமத்தின்படி மதகைத் தாண்டுகிற தண்ணீரில் கலங்கல் ஐம்பது புள்ளிக்கு மேல் போகக்கூடாது. ஐம்பது என்றால், துடைக்காத மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கும். ஆறு வருடத்துக்கு முன், அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், வாராவாரம் வருகிற ஆய்வாளர் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். “நாப்பத்தொம்பது. பாஸ்தான். ஆனா, பார்க்க நல்லா இல்லையேம்மா” என்றார். சொன்னவர் அன்று சாயங்காலமே மறந்திருப்பார். அக்கா மறக்கவில்லை. பாஸ் என்று சொன்னது காதில் ஏறவில்லை. நல்லா இல்லை என்று சொன்னது இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஆறு ஜாடியிலும் ஆறு அளவு படிகாரம் விட்டுக் கலக்கிப் பார்ப்பார். விதிக்குள் வந்தால் போதும் என்று சட்டம் சொல்லும் ஜாடி இரண்டாவதாக இருக்கும். அக்காவின் கை நாலாவதுக்குப் போகும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், எதற்கும் இருக்கட்டும் என்று. நாற்பத்தொன்பது இருபதாயிற்று, இருபது ஒன்பதாயிற்று, கடைசியில் இரண்டு புள்ளியில் வந்து நின்றது. குழாய்த் தண்ணீர்கூட அத்தனை தெளிவு கிடையாது. மேலாளர் அதில் ஒரு பாட்டில் பிடித்துத் தம் மேஜையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாக நிரப்பப்படும். வருகிறவர்களிடம் எல்லாம், “இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்பார். அவர்கள் மரியாதைக்குத் தெரியாதது போல் நடிப்பார்கள். தலைமையகத்திலிருந்து கேடயம் வந்தது.

படிகாரம் தாராளமாக விட்டால் கலங்கல் சீக்கிரம் படியும். களத்தில் எப்போதும் இடம் இருக்கும். கப்பல் நிற்காமல் பம்பு அடிக்கலாம். பதினாலாவது விதி என்று ஒன்று உண்டு. நிலையம் நிறுத்தச் சொன்னால் கப்பல் நிறுத்த வேண்டும், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆறு வருடத்தில் அக்கா அந்த விதியைத் தொட்டதில்லை. அது கொட்டகைச் சுவரில் தொங்குகிற தீயணைப்பு வாளி மாதிரி, தூசி மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் தூசி சேர்த்தது. படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கும். ஆகவே பதிவேட்டில் கலங்கலுக்கு அடுத்துப் புளிப்புக்கு ஒரு கட்டம் உண்டு. அதை அளக்கும் மீட்டர் பழுதாகித் தலைமையகம் போய்ப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. போன மறுநாள் அக்கா அந்தக் கட்டத்தில் ‘மேற்படி’ என்று எழுதினார். அதற்கு மறுநாள் அதற்கும் மேற்படி. பக்கம் திருப்பியதும் மேலே பார்க்க எண்ணே இல்லை. அங்கே இருந்ததும் மேற்படிதான். ஆய்வாளர் ஒவ்வொரு வாரமும் அதன் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நாத்தனார் வந்தார். கணவருக்கு மூத்தவர். வாய்க்கால் போய்க் கழியில் சேருகிற இடத்தில் அவருக்கு எட்டுப் பாத்தி சிப்பி வளர்ப்பு. இரண்டு மாதத்துக்கு முன்புதான் குஞ்சுச் சிப்பி விதைத்திருந்தார், ஒவ்வொன்றும் மிளகளவு. விற்கிற பருவத்துக்கு வளர ஒன்றரை வருடம் ஆகும். வருடம் முழுவதும் அவருக்கு வேறு வேலை கிடையாது; வேறு பேச்சும் கிடையாது. தூக்குவாளியை மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, உனக்குக் கையெழுத்து நல்லாயிருக்கும். எனக்கு ஒரு மனு எழுதிக் குடு.”

“யார் மேல அண்ணி?”

“எதிர்க்கரை சலவைப் பட்டறைக்காரன் மேல. சோப்புத் தண்ணியைக் கழியில விடுறான். என் பாத்தி மேல வெள்ளை வெள்ளையா, பாலாடை மாதிரி படிஞ்சு கிடக்கு. கையால வழிச்சு எறிஞ்சா மறுநாள் மறுபடியும். சிப்பி ஒண்ணும் வாய் திறக்க மாட்டேங்குது.”

“எத்தனை நாளா?”

“பத்துப் பன்னெண்டு நாளா. பெருசுன்னா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும். இது குஞ்சு. இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா எட்டுப் பாத்தியும் போச்சு. அப்புறம் நான் உங்க வீட்டுலதான் வந்து உட்காரணும். என் தம்பி சமையலைச் சாப்பிடற மாதிரி எனக்கு ஒரு கெட்ட காலம் வரணுமா?”

அக்கா உடனே தாளை எடுத்தார். அடுத்தவர் தண்ணீரைக் குறை சொல்லி எழுதுவதில் ஒரு தனி உற்சாகம் வந்துவிடும், தன் தண்ணீர் இரண்டு புள்ளியில் இருக்கும்போது. ‘எதிர்க்கரைச் சலவைப் பட்டறை உரிமையாளர் பொதுநீர்நிலை என்றும் பாராமல்’ வரை எழுதினார். அதற்குள் நாத்தனார் தூக்குவாளியைத் திறந்தார். சாட்சிக்கு ஒரு பிடி குஞ்சுச் சிப்பியைக் கழித் தண்ணீரோடு கொண்டுவந்திருந்தார். வழியில் பாதி சிந்தி, மேலே இருந்தவை வெளியே தெரிந்தன.

“பாவம், காயுதே. இருங்க அண்ணி,” என்று அக்கா எழுந்து போய் மதகிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்தார். “கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. உங்க சிப்பிக்கு இன்னைக்கு ராஜவாழ்க்கை.” ஊற்றினார்.

வாளிக்குள் மேகம் இறங்கியது.

முதலில் ஒரு புகை மாதிரி, பிறகு பஞ்சு மாதிரி. வெள்ளையாகத் திரண்டு, சுழன்று, நிதானமாகச் சிப்பிகளின் மேல் போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“என்னடி ஊத்தினே?”

“தண்ணி.”

“பாலா?”

“தண்ணிதான் அண்ணி.”

நாத்தனார் விரலை விட்டு அந்த வெள்ளையை எடுத்து, பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். “இதேதான்” என்றார். “என் பாத்தியில கிடக்கிறது இதேதான்.”

அக்கா ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துக் கழுவினார். பாதிக்கு வாளியின் மேல் மிச்சமிருந்த தெளிந்த கழித் தண்ணீர், பாதிக்கு மதகுத் தண்ணீர். வெள்ளை. இன்னொரு தம்ளரில் கழித் தண்ணீரோடு குடிக்கிற தண்ணீரைக் கலந்தார். ஒன்றும் இல்லை. மறுபடி மதகுத் தண்ணீர். மறுபடி வெள்ளை. நம்பாதவர் செய்வதுபோல் மூன்று தடவை செய்தார்; உண்மையில் முதல் தடவையே நம்பிவிட்டார்.

காபியில் போட்ட சர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாது, அதற்காக இல்லையென்று ஆகிவிடாது. அளவுக்கு மிஞ்சிப் படிகாரம் விட்டதில் தண்ணீர் புளித்து, புளித்த தண்ணீரில் படிகாரச் சத்து கரைந்து ஒளிந்துகொண்டிருந்தது. மீட்டருக்கும் தெரியாது, வெயிலில் தூக்கிப் பார்க்கிறவருக்கும் தெரியாது. கழியில் உப்புத் தண்ணீரைத் தொட்டதும் புளிப்பு முறிந்துவிடும். ஒளிந்திருந்தது பஞ்சாகத் திரண்டு வெளியே வரும். பன்னிரண்டு நாளைக்கு முன் கப்பல் ஆற்றின் வளைவுக்குப் போய் மாவு போன்ற கறுப்புக் களிமண்ணை அனுப்ப ஆரம்பித்தது. இரண்டு புள்ளி கெட்டுவிடுமே என்று அக்கா நாலாவது ஜாடியிலிருந்து ஆறாவது ஜாடிக்குப் போனதும் அதே அன்றுதான்.

மேஜையில் மனு பாதியில் கிடந்தது.

“இதை என்ன பண்றது?” என்றார் நாத்தனார்.

“பேரை மாத்தணும் அண்ணி.”

“உன் பேர்ல எழுதினா அது உன்கிட்டதானே வரும்? நீயே எழுதி, நீயே படிச்சு, நீயே பதில் போடுவே. நல்ல கையெழுத்துல.” வாளியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். “என் தம்பியைக் கட்டி வெச்சதுக்குப் பழிவாங்கறதா இருந்தா அவனை வாங்கேன். சிப்பி என்னம்மா பண்ணுச்சு?”

அக்கா தம்ளரைத் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

மேலாளர் கெட்டவர் அல்ல. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்த மனிதர். முழுக்கக் கேட்டார். பிறகு, “அளவு எங்கே எடுக்கணும்னு உரிமத்துல இருக்கு?” என்றார்.

“மதகுல சார்.”

“மதகுல எவ்வளவு?”

“ரெண்டு.”

“அவ்வளவுதான். அதுக்கு வெளியே போய் அது பாலாகுதோ மோராகுதோ, நமக்குத் தெரியாது.”

அக்கா தம்ளரை மேஜையில் வைத்தார். நாத்தனாரிடம் வாங்கிவந்த கழித் தண்ணீரைப் பாதிக்கு ஊற்றினார். பிறகு, மேலாளர் “அதை எடுக்காதேம்மா” என்பதற்குள், மேஜை மேல் இருந்த அந்தப் புகழ்பெற்ற பாட்டிலைத் திறந்து மீதிக்கு ஊற்றினார்.

மேலாளர் தம்ளரை நெடுநேரம் பார்த்தார். இது என்னவென்று சொல்லச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

“என்ன பண்ணணும்?” என்றார்.

“மதகை மூடணும். படிகாரத்தைக் காலாக் குறைக்கணும். ரெண்டாம் குளத்துல நிக்கிற புளிச்ச தண்ணியில, படிகாரம் போடாத கலங்கல் தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டுச் சரிக்கட்டணும். இதுக்கெல்லாம் நாள் ஆகும். களம் ரொம்பாம இருக்கணும்னா கப்பல் நிக்கணும்.”

“சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிக்கலாமே? எழுதிக் கேப்போம்.”

“மீட்டருக்கு எழுதின கடிதம் இன்னும் வழியிலதான் இருக்கு சார்.”

“கப்பலை நிறுத்துன்னு நான் சொல்ல மாட்டேன். ஆறு பெருகறதுக்குள்ள வளைவை முடிக்கணும்னு மேல ஒத்தைக் காலுல நிக்கிறாங்க.”

“நீங்க சொல்ல வேண்டாம். பதினாலாவது விதி நிலையம் சொல்லணும்னுதான் சொல்லுது.”

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “அப்ப இது எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“அதையும் எழுதிக் குடுக்க மாட்டேன்.”

கொட்டகைக்குத் திரும்பும்போது நாத்தனார் இன்னும் ஸ்டூலில்தான் இருந்தார். அக்கா முதலில் மதகை அடைத்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்தார்.

“கப்பல், கப்பல். மண்களம் நிலையம் பேசறேன்.”

“நிலையம், சொல்லுங்க.”

“பம்பை நிறுத்துங்க.”

இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, “திரும்பச் சொல்லுங்க?”

“நிறுத்துங்க. விதி பதினாலு.”

“குழாய் ஏதாச்சும் வெடிச்சிருச்சாங்க?”

“குழாய் நல்லாயிருக்கு. தண்ணி நல்லா இல்லை.”

“எத்தனை புள்ளிங்க?”

“ரெண்டு.”

“ரெண்டுன்னா நல்லாத்தானேங்க இருக்கு?”

“ரெண்டா இருக்கறதுதான் இப்ப பிரச்சினை.”

பொத்தானிலிருந்து கையை எடுக்க அவர் மறந்துவிட்டார் போலும். பின்னாலிருந்து கேப்டனின் குரல் தெளிவாக வந்தது: “உன் வீட்டம்மாவுக்கு என்னய்யா ஆச்சு? காலையில சண்டை போட்டியா?” யாரோ சிரித்தார்கள். கணவரின் குரல் தாழ்ந்தது. “நிலையம், இதை நாம வீட்டுல போய்ப் பேசிக்கலாங்களா?”

“வீட்டுல பம்பு இல்லீங்க. உங்க அக்கா இங்கதான் இருக்காங்க, பேசறீங்களா?”

“வேண்டாங்க” என்றது வாக்கி டாக்கி, கொஞ்சமும் தாமதிக்காமல்.

சற்று நேரத்தில் குழாயின் உறுமல் இறங்கியது. அதன் வாயிலிருந்து கறுப்புக் கஞ்சி மெலிந்து, சொட்டி, நின்றது. ஆறு வருடமாகப் பகலில் அந்தச் சத்தத்தோடே பேசிப் பழகியதால், “அண்ணி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்று அக்கா சொன்னது கத்தினது போல் கேட்டது.

பிறகு ஒரு கூத்து நடந்தது. ஆறு வருடமாக எந்தக் கலங்கலைத் துரத்தினாரோ அதையே பலகை பலகையாக எடுத்து, கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே விட்டார். கண்ணாடி மாதிரி இருந்த குளம் கண் முன்னால் அழுக்காயிற்று. அக்காவுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே கொக்கியைப் பிடித்தார்.

அன்று வீட்டில் கணவர் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். கை கழுவி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாலு நாள் நிக்கணுமாம். அப்புறமும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் அடிக்கணுமாம். கேப்டன் என்னைத்தான் கேக்கறார். உன் பெண்டாட்டிதானே, பேசிப் பாருங்கறார்.”

“பேசுங்க.”

“அதான் பேசிட்டிருக்கேன்.”

“நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“என்ன சொல்றே?”

“அதேதான்.”

அவர் கொஞ்ச நேரம் விரல் நகத்திலிருந்த சேற்றைத் தோண்டினார். “எங்க அக்கா பட்டறைக்காரன்தான் காரணம்னு நெனச்சிட்டிருந்தாளே. நீ பேசாம மனுவை எழுதிக் குடுத்திருந்தா அதோட போயிருக்கும்.”

“பாதி எழுதிட்டேன். நல்லாத்தான் வந்திருந்துச்சு.” அக்கா காபியை ஆட்டிப் பார்த்தார். “பட்டறைக்காரனுக்கு அபராதம் போட்டிருப்பாங்க. ஆனா வெள்ளை நின்னிருக்காது. அப்புறம் உங்க அக்கா இங்க வந்து உங்க சமையலைச் சாப்பிட்டிருப்பாங்க.”

கணவர் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். தன் சமையல் அவருக்கும் தெரியும்.

நாலாம் நாள் மாலை பாதித் தம்ளரில் வெள்ளை திரளவில்லை. கொஞ்சம் மண் வாடை, கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். மதகு திறந்தது. அடுத்த திங்கட்கிழமை ஆய்வாளர் வந்து பாட்டிலை வெயிலில் தூக்கினார்.

“என்னம்மா இது? இருபத்தெட்டு?”

“ஐம்பதுக்குள்ளதானே சார்?”

“உள்ளதான். ஆனா போன வாரம் ரெண்டு.”

ஆய்வாளர் வந்துபோன ஐந்தாம் நாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. விதிக்கு உட்பட்ட தண்ணீர் ஏன் விதிக்கு உட்பட்டிருக்கிறது என்பதற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். இத்தனை காலம் அது இரண்டு புள்ளியில் நின்றபோது ஏன் என்று ஒரு தபால் அட்டைகூட வந்ததில்லை.

அக்கா விளக்கம் எழுதினார், ஒன்றரைப் பக்கம். படிகாரம், புளிப்பு, உப்புத் தண்ணீர், எட்டுப் பாத்தி, எல்லாம் இருந்தது. மேலாளர் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். ‘புளிப்புக்கான கட்டத்தில் கடந்த பதினான்கு மாதங்களாக நான் எழுதிய மேற்படி எதுவும் அளந்து எழுதியது அல்ல’ என்று இருந்தது.

“இந்த வரி தேவையா?”

“தேவைதான் சார்.”

“இதை எடுத்துட்டா கடிதம் இன்னும் தெளிவா இருக்கும்மா.”

“தெளிவா இருந்தது போதும் சார்.”

அந்த வரிக்குப் பலன் கிடைத்தது. கேடயத்தைத் திருப்பி வாங்கிப்போக ஓர் ஆள் பெட்டியோடு வந்தார். அதே பெட்டியில் புளிப்பு மீட்டர் இருந்தது, பதினாலு மாதத்துக்குப் பிறகு, பளபளவென்று. அதற்குப் பழுதே இல்லையாம், பேட்டரிதான் தீர்ந்திருந்ததாம். அக்காவின் பணிப்பதிவில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. அது அந்தப் பக்கத்தில் ஏறிய முதல் குறிப்பு என்பதால் கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது.

மதகு திறந்த ஒன்பதாம் நாள் தண்ணீர் வற்றின நேரத்தில் அக்கா கழிக்குப் போனார். ஆறு மணி நேர வேலையில் மிச்சப்பட்டிருந்த கணவரும் பின்னால் வந்தார், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற தூரத்தில். நாத்தனார் பாத்தியில் குந்தி உட்கார்ந்து வாரியால் மெதுவாகச் சேற்றைக் கோதிக்கொண்டிருந்தார். வெள்ளை ஆடை இல்லை. ஏறி இறங்கின தண்ணீர் அதைக் கொண்டுபோயிருந்தது.

வாய்க்கால் வாயை ஒட்டிய இரண்டு பாத்தியில் மிளகளவுச் சிப்பிகள் வாயைப் பிளந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் கிடந்தன. அக்கா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எட்டுல ரெண்டு போச்சு” என்றார் நாத்தனார், தலை நிமிராமல்.

“மத்த ஆறு?”

“இங்க வந்து பாரு. ஓரமா நடந்து வா, மிதிச்சுக் கிதிச்சு வெக்காதே.”

சேற்றின் மேல் ஊசி குத்தினது போல் துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஈரம் ஏறி இறங்கியது. அக்கா எண்ணிப் பார்க்க முயன்று நூறோடு விட்டுவிட்டார்.

“மன்னிச்சுக்குங்க அண்ணி.”

“ம். அந்த ரெண்டு பாத்தியை உன் கையால சுரண்டிச் சுத்தம் பண்ணி, மறுபடி விதைச்சுக் குடு. இடுப்பு ஒடியும். ஒடியட்டும். அப்புறம் மன்னிக்கிறதைப் பத்திப் பேசலாம்.” பிறகு குரலை உயர்த்தினார். “நீ என்னடா அங்க நின்னு வேடிக்கை பாக்கறே? சேறு அனுப்பறவனே நீதான். செருப்பைக் கழட்டிட்டு இறங்கு.”

மூன்று நாள் இரண்டு பேரும் முதுகை வளைத்து அந்தச் சேற்றில் கிடந்தார்கள். இத்தனை வருடத்தில் ஒரே பக்கத்தில் நின்று சேறு பார்த்தது அப்போதுதான்.

பதிவேட்டில் இப்போது புளிப்புக் கட்டத்தில் எண் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அக்கா கையால் கோடு கிழித்து ஒரு புதுக் கட்டம் போட்டிருக்கிறார்: ‘பாதித் தம்ளர்’. இது எந்த மீட்டரின் அளவு, அதன் உரிமம் எண் என்ன என்று தலைமையகம் கேட்டது. மேலாளர் யோசித்துப் பார்த்துவிட்டு, ‘தம்ளர்’ என்று பதில் எழுதினார். ஓய்வுக்கு முன் அவர் எழுதிய கடிதங்களில் அதுதான் சுருக்கமானது. அவர் மேஜையில் பாட்டில் இன்னும் இருக்கிறது. இருபத்தைந்து, முப்பது புள்ளியில் மங்கலாக நிற்கிறது. யாரிடமும் அவர் புதிர் போடுவதில்லை.

கப்பல் வளைவை முடிக்கவில்லை. ஆறு பெருகி வடிந்து, இப்போது மிச்சத்தைத் தோண்டுகிறார்கள். காலை ஏழு மணிக்கு அக்கா, நாத்தனார் அனுப்புகிற குடத்திலிருந்து அரைத் தம்ளர் கழித் தண்ணீரை ஊற்றி, அரைத் தம்ளர் மதகுத் தண்ணீரைச் சேர்த்து, ஜன்னல் விளிம்பில் வைக்கிறார். பக்கத்தில் காபியை வைக்கிறார். இரண்டிலும் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வாக்கி டாக்கி கரகரக்கிறது.

“நிலையம், தம்ளர் எப்படிங்க இருக்கு? ஆரம்பிக்கலாங்களா?”

அக்கா தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். ஒன்றும் திரளவில்லை. ஆனாலும் பத்து நிமிடம் என்று அவரே வைத்த கணக்கில் இன்னும் மூன்று பாக்கி.

“மூணு நிமிஷம் பொறுங்க.”

“பொறுக்கறேங்க.”